மேட்டை ஒட்டிய நிலம்

இங்கே மண் ஒரே நிறமாக இல்லை.

மண்வெட்டி இறங்குகிறது. முதலில் இளக்கம். பிறகு எதிலோ சிக்கி நிற்கிறது. நைலான் கயிறு. அதற்கும் கீழே பல் உடைந்த சீப்பு. அதற்கும் கீழே கறுப்பாக, ஈரமாக, மண்.

கையில் எடுத்து மோந்து பார்க்கிறேன். மழை மணம் இல்லை. நாற்றமும் இல்லை.

குழி ஒரு முழம் ஆழம் வேண்டும். இப்போது ஒரு சாண்.

*

அரியமங்கலம் குப்பைமேடு. 1967 முதல் திருச்சி தன் மிச்சங்களைக் கொட்டிய இடம். சுமார் 47 ஏக்கர்.

காந்தி மார்க்கெட்டின் முட்டைக்கோஸ் இலை. தில்லைநகர் வீடுகளின் பழைய மெத்தை. ஸ்ரீரங்கத்தில் திருவிழா முடிந்த மறுநாளின் தொன்னைகள். எல்லாம் இங்கே வந்தன. ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது. உள்ளே வெந்தது.

இந்த மேடும் நானும் கிட்டத்தட்ட ஒரே வயது.

*

காற்று திரும்புகிறது.

தஞ்சாவூர்ச் சாலையில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம். தண்டவாளத்தில் ரயில். அது போன பிறகும் காலடியில் கொஞ்ச நேரம் நடுக்கம்.

பிறகு அதுவும் இல்லை.

*

மேட்டைக் கரைக்கும் வேலை சில ஆண்டுகளாக நடக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தொடங்கியது. பழைய குப்பை ஏழரை லட்சம் கன மீட்டருக்கும் மேல் என்று அளந்திருந்தார்கள்.

இயந்திரம் மேட்டின் ஓரத்தைக் கிளறும். கிளறியதை நீள நீளமான வரப்புகளாகப் போடுவார்கள். நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பார்கள். புரட்டுவார்கள். காயவிடுவார்கள். மறுபடி புரட்டுவார்கள். காய்ந்த பிறகுதான் சுழலும் சல்லடைக்குள் போடுவது. பிளாஸ்டிக் ஒரு பக்கம் போகிறது, கட்டுக் கட்டாக, சிமெண்ட் ஆலையின் சூளைக்கு. கல் ஒரு பக்கம். இரும்பு ஒரு பக்கம். கடைசியில் சல்லடைக் கண் வழியே பொடிப்பொடியாக விழுவது மண்.

ஈரம் காயாமல் அள்ளிப் போட்டால் சல்லடை அடைத்துக்கொள்ளும். காயும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மீட்ட நிலத்தில் ஒரு பகுதி கன்றுகளுக்கு. நாங்கள் நிற்பது அங்கே.

*

பித்தப்பையை எடுத்தாயிற்று. தையல் ஆறிவிட்டது என்றார் மருத்துவர். தொட்டுப் பார்த்தால் ஆறித்தான் இருக்கிறது.

தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

இரவில் விழித்திருக்கும்போது உடம்பு யாருடையதோ போல் கிடக்கிறது. விடிந்ததும் அதை எழுப்பிக்கொண்டு இங்கே வருகிறேன்.

குனிந்தால் வலது விலாவுக்குக் கீழே சுண்டுகிறது. நிமிர்ந்தால் விடுகிறது.

குனிகிறேன்.

*

பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் ஏடுகளை ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். 46 பேரை இணை இணையாகப் பொருத்தினார். ஒருவருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். இன்னொருவருக்குச் செங்கல் சுவர்.

மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. 1984இல் சயன்ஸ் இதழில் வந்தது அந்தக் கட்டுரை.

முக்கால் நாள். சிறிய அளவுதான். வலியோடு கிடப்பவருக்கு அது எவ்வளவு என்று கிடந்தவருக்குத் தெரியும்.

எனக்கு வாய்த்தது சுவர். வெளிர்பச்சை. அதில் ஒரு மழைக்கறை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பகல் முழுக்க அது யானையாக இருந்தது. மறுநாள் கறைதான்.

*

நடவுக்கு வருகிறவர்கள் கொஞ்சப் பேர்.

வரகனேரியிலிருந்து ஓர் அக்கா. பேச்சு குறைவு. கன்றைக் குழியில் இறக்கி மண் அணைக்கும்போது மட்டும் உதடு அசைகிறது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை.

காட்டூரிலிருந்து ஓர் அண்ணன். லேத் பட்டறையில் வேலை. குடியை விட்டவர். கை நடுங்குகிறது. கன்றின் பையைக் கிழிக்கும் நேரத்தில் நடுக்கம் நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே பையைக் கிழிக்கிறார். வேர்மண் உதிரவில்லை.

எதற்காக வருகிறீர்கள் என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. சாப்டாச்சா என்று கேட்கிறார்கள். ஆச்சு என்கிறார்கள். ஆகாதவர்களும் ஆச்சு என்கிறார்கள். அக்கா அதைக் கண்டுபிடித்துவிடுகிறார். தூக்குச் சட்டியைத் திறக்கிறார்.

*

புங்கை. வேம்பு. நீர்மருது. பூவரசு. மகிழம். இலுப்பை. நாவல்.

பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க, மூச்சு தானாக நீள்கிறது.

*

இங்கே நடுவது அகிரா மியாவாக்கி சொன்ன முறையில். ஜப்பானியத் தாவரவியலாளர். 2021இல் காலமானார்.

அந்தந்த மண்ணுக்கு உரிய மரங்களையே நட வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள். உயர்ந்து போவது, நடுவில் நிற்பது, புதராகத் தங்குவது, எல்லாம் கலந்து. இடம் நெருக்கம் என்பதால் வெளிச்சம் தேடி மேலே ஓடும். இரண்டு மூன்று ஆண்டு தண்ணீர், களையெடுப்பு, வைக்கோல் மூடாக்கு. அதன் பிறகு கையை எடுத்துவிட வேண்டும்.

இந்த உலர்ந்த சமவெளிக்கு அவ்வளவு நெருக்கம் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டுக்கொள்கிறேன். நம்மூர்க் காடுகளில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே புல் இருக்கும், வெயில் இருக்கும், எறும்புப் புற்று இருக்கும்.

இருந்தாலும் வெறும் மேடாக இருந்த இடத்தில் ஏதோ நிற்கிறது. முழங்கால் உயரம். நிழல் உள்ளங்கை அகலம்.

*

உள்ளங்கை அகல நிழலில் ஓர் எறும்பு.

*

கோடையில் மேடு எரியும்.

உள்ளே தங்கிய வாயுவில் தீ பிடிக்கும். தண்ணீர் அடித்தால் மேலே அணையும். அடியில் கனன்றுகொண்டே இருக்கும். புகை பால்பண்ணை வரை போகும். காற்று அடித்தால் அதையும் தாண்டும். ஜன்னலைச் சாத்தினாலும் துணியில் ஏறிக்கொள்ளும், சோற்றில் ஏறிக்கொள்ளும். குழந்தைகள் இருமுவார்கள்.

சுற்றிலும் வீடுகள். அரை நூற்றாண்டு இவர்கள் சுவாசித்தது இந்தக் காற்றை. ஊரின் மற்ற தெருக்கள் பெருக்கிக் கோலம் போட்டுச் சுத்தமாக இருந்ததற்கு இவர்களுடைய மூச்சு செலவாகியிருக்கிறது. அடிகுழாய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இப்போது வார்டுகளில் நுண் உரக் கூடங்கள் இருக்கின்றன. மக்கும் குப்பை அங்கேயே உரமாகிறது. அதை முன்பே செய்திருக்கலாம். செய்திருக்க வேண்டும்.

எழுதும்போது கை இறுகுகிறது. இறுகுவது தெரிகிறது. அந்த இறுக்கம் போகவில்லை. போகத் தேவையும் இல்லை.

*

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி. கோணிப்பை. பாட்டில் பொறுக்குகிறார்.

"தம்பி, நீங்க ரெண்டு மணி நேரம் குனியிறீங்க. வீட்டுக்குப் போயிடுறீங்க. நான் குனிஞ்சது குனிஞ்சதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலை எடுக்கிறார்.

பதில் இல்லை.

அவர் அருகில் போய் உட்கார்கிறேன். ஒரு பாட்டிலின் மூடியைத் திருகுகிறேன். மூடி தனி விலை, பாட்டில் தனி விலை என்கிறார்.

மேடு கரைந்தால் அவர் எங்கே போவார். இதை யாரும் எங்கும் அளந்ததாகத் தெரியவில்லை.

*

கொடைக்கானலில், ஏற்காட்டில், அமைதிக்கு அறை வாடகை உண்டு. போய்வந்தவர்கள் நல்லது என்கிறார்கள். நல்லதாகத்தான் இருக்கும். மலைக்காற்று யாருக்குத்தான் ஆகாது.

பாட்டிக்கும் அண்ணனுக்கும் டவுன் பஸ் டிக்கெட் தூரத்தில் ஒரு மரம் வேண்டும்.

*

ஜப்பானில் 1982இல் வனத்துறையே சொன்னது, காட்டுக்குள் போய்ச் சும்மா இருங்கள் என்று.

இங்கிலாந்தில் 1998இல் வில்லியம் பேர்ட் என்ற மருத்துவர் வேறொன்று செய்தார். தன்னிடம் வருகிறவர்களை உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பவில்லை. ஊர்ப் பொதுநிலத்துக்கு அனுப்பினார். புதர் வெட்ட, வேலி கட்ட, மரம் நட. பசுமை உடற்பயிற்சிக் கூடம் என்று அதற்குப் பெயர் வந்தது. இயந்திரத்தில் ஓடிச் சில வாரத்தில் சலித்துப்போகிறவர்கள் இதற்கு வந்துகொண்டே இருந்தார்கள்.

ஏன் என்று யோசிக்கிறேன். நட்ட கன்று பிழைத்ததா என்று பார்க்க வரத்தானே வேண்டும்.

யோசனை அங்கேயே நிற்கிறது. ஒரு ரெட்டைவால் குருவி கம்பிமேல் வந்து உட்கார்கிறது. வால் ஆடுகிறது. பறக்கிறது. கம்பி ஆடுகிறது.

*

வேலியோரம் எருக்கு. இதை யாரும் நடவில்லை.

இலையின் அடிப்பக்கம் ஒரு புழு. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரிகள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பால் பட்டால் நமக்குக் கண் போகும் என்பார்கள். இது அந்த இலையைத் தின்றே வளர்கிறது. தின்ற நஞ்சு உடம்பில் தங்கிவிடுகிறது. அதனால் பறவைகள் இதைத் தொடுவதில்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக்கு அருகில், 2015இல் திறந்த பட்டாம்பூச்சிப் பூங்கா இருக்கிறது. அங்கே எருக்கைத் தேடி வளர்க்கிறார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள்.

இங்கே அது தானாக நிற்கிறது.

புழு தின்கிறது. விளிம்பிலிருந்து உள்ளே. நிறுத்தாமல்.

*

இன்று வலி.

இன்று குழி வெட்டவில்லை. மூடாக்கு மட்டும் போடுகிறேன். வைக்கோலைப் பிரித்துக் கன்றின் அடியில் வட்டமாக. தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி.

வைக்கோலில் வயல் வாசனை. எந்த ஊர் வயலோ. லால்குடியாக இருக்கலாம்.

கண்ணில் நீர். வைக்கோல் தூசியாக இருக்கலாம்.

*

நாவல் கன்று ஒன்று துளிர்த்திருக்கிறது. செம்பு நிறத் துளிர்.

திருவானைக்காவில் தலமரம் வெண்ணாவல். அதன் அடியில்தான் நீரின் லிங்கம். கருவறையில் ஈரம் கசிந்துகொண்டிருக்கும்.

அந்த இனத்தின் மரம் ஒன்று இங்கே பேட்டரிச் செல்லும் கண்ணாடித் துண்டும் கிடந்த மண்ணில் வேர் பிடிக்கிறது. சலித்த மண்தான். ஆனாலும் உலோகங்களைச் சல்லடை பிடிப்பதில்லை. அவை மண்ணோடு மண்ணாகத் தங்கிவிடுகின்றன.

சில ஆண்டில் இது காய்க்கும். கீழே பழம் உதிரும். குழந்தைகள் பொறுக்குவார்கள். நாக்கு ஊதாவாகும்.

தின்னலாமா?

அக்காவிடம் கேட்கிறேன். அவர் துளிரைத் தொட்டுப் பார்க்கிறார். "மொதல்ல காய்க்கட்டும்" என்கிறார்.

மண்ணைச் சோதிக்க வேண்டும். பழத்தையும் சோதிக்க வேண்டும். குறிப்பேட்டின் ஓரத்தில் தனியாக எழுதி வைக்கிறேன். இது மறந்துவிடக் கூடாத காரியம்.

*

புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில். 1968இல் அது பெரும்பாலும் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மேல்மண் அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும். கடல் சிவக்கும்.

அங்கே குடியேற வந்தவர்கள் மரம் வைத்தார்கள். கூடவே வரப்புக் கட்டினார்கள், குளம் வெட்டினார்கள். தண்ணீர் ஓடிவிடாமல் கொஞ்ச நேரம் நிற்க. நின்ற இடத்தில் மண் தங்கியது. பொட்டலில் தாக்குப்பிடிக்கும் வெளிநாட்டு மரங்கள் முதலில். அவற்றின் நிழலில் இந்தக் கடற்கரைக்கே உரிய மரங்கள்.

ஓடிவிடாமல் கொஞ்ச நேரம் நிற்பது.

*

உட்கார்ந்திருக்கிறேன்.

உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

*

உய்யக்கொண்டான் கால்வாய். பேட்டவாய்த்தலையில் காவிரியைப் பிரிந்து, நகரத்தின் நடுவே நுழைந்து, அரியமங்கலத்தைத் தாண்டி, வாழவந்தான்கோட்டை ஏரியில் போய்ச் சேர்கிறது. சுமார் 70 கிலோமீட்டர். ராஜராஜ சோழன் காலத்தது என்பார்கள். அவனுடைய விருதுப்பெயரே கால்வாயின் பெயர். ஆயிரம் ஆண்டு.

ஆயிரம் ஆண்டு வயலுக்குப் போன தண்ணீரில் சில பத்தாண்டுகளாகச் சாக்கடை கலக்கிறது. ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது. மேலே பார்த்தால் பச்சை, ஊதாப் பூ. அழகு. அடியில் தண்ணீருக்கு மூச்சு இல்லை.

திருச்சியில் இதற்காக இறங்கியவர்கள் உண்டு. மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், பெண்கள். கரையில் நடந்தார்கள். அள்ளினார்கள். மறு ஆண்டு மறுபடி அள்ளினார்கள்.

நானும் ஒரு காலை இறங்குகிறேன். இடுப்புவரை. ஆகாயத்தாமரையின் வேர் கறுப்புத் தாடி போலத் தொங்குகிறது. இழுத்தால் கூடவே நத்தை, இறால் குஞ்சு, ஷாம்பு உறை. கரையேற்றி நத்தையை மட்டும் திரும்பத் தண்ணீரில் விடுகிறார் ஒரு கல்லூரிப் பையன். ஒவ்வொன்றாக. அவருக்கு அவசரமே இல்லை.

அள்ளிய இடத்தில் ஒரு பாய் அகலம் தண்ணீர் திறக்கிறது.

அதில் வானம். ஒரு மடையான் பறக்க, சட்டென்று வெள்ளை.

அடுத்த நாள் பாய் அகலம் மூடிவிட்டது என்றார்கள்.

*

எம்.ஆர். பாளையத்தில் யானைகள் இருக்கின்றன. கொள்ளிடம் தாண்டி, சென்னைச் சாலைப் பக்கம், காப்புக்காட்டில். 2019இல் வனத்துறை அமைத்த மறுவாழ்வு மையம். மனிதர்களிடம் பல காலம் கட்டுண்டு இருந்த யானைகள். சந்தியா, இந்து, ஜெயந்தி என்று பெயர்கள்.

அவற்றுக்கு வைத்தியம் உண்டு, மருந்து உண்டு. ஆனால் நாளின் பெரும்பகுதி நடை. மண்ணை அள்ளி மேலே போட்டுக்கொள்வது. தண்ணீரில் கிடப்பது. மற்ற யானையின் அருகே சும்மா நிற்பது.

பல வருஷம் சிமெண்ட் தரையில் நின்ற பாதம் மண்ணில் எப்படி இறங்கும்.

என் பாதத்தைப் பார்க்கிறேன். செருப்பைக் கழற்ற முடியாது. கண்ணாடி கிடக்கும்.

*

அண்ணன் இன்று வரவில்லை.

அவருடைய மண்வெட்டி வேப்பங்கன்றுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. வேறு மண்வெட்டி போதாமல் இருக்கிறது, ஆனாலும் எடுக்கவில்லை.

மனம் எங்கெங்கோ போகிறது. எந்தக் கடை, எந்தச் சந்து. போகட்டும். திரும்பி வருகிறது. மறுபடி போகிறது.

*

இன்றும் வரவில்லை.

*

வந்திருக்கிறார். கண் சிவந்திருக்கிறது. யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் மண்வெட்டியை எடுக்கிறார்.

"சாப்டாச்சா அண்ணே?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"இல்ல."

அக்கா தூக்குச் சட்டியைத் திறக்கிறார். புளியோதரை. மூன்று பேரும் நிழல் இல்லாத நிலத்தில் உட்கார்ந்து தின்கிறோம். கையில் மண் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு.

அவருடைய கவளம் வாய்க்குப் போகும்வரை நடுங்குகிறது. ஒரு பருக்கை விழுகிறது. எறும்பு வருகிறது.

*

நேற்று இரவு தூங்கியிருக்கிறேன். விடிந்த பிறகுதான் தெரிகிறது.

இன்று எப்படியோ.

*

பட்டுப்போனவை சில. வாடிய கன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. தாண்டிப் போக வழி தேடியிருக்கிறது. கடைசிவரை.

தாளை எடுத்துவிட்டு அதே குழியில் இன்னொன்று.

*

ஜனவரி 28இல் மேட்டூரை மூடுவது வழக்கம். ஜூன் 12இல் திறப்பது வழக்கம். வழக்கம் தவறும் ஆண்டுகளும் உண்டு. இடைப்பட்ட மாதங்களில் கால்வாய் வற்றும். கன்றுகளுக்கு டேங்கர் தண்ணீர்தான். டேங்கர் வரும் நாளில் குடம் பிடித்து ஊற்ற ஆள் வேண்டும். அக்னி நட்சத்திரத்திலும் வேண்டும்.

அக்கா நோட்டில் கோடு போடுகிறார். ஆளுக்கு ஒரு வரிசை. பாட்டியின் பெயரையும் கேட்டு எழுதுகிறார். அதற்குக் கூலி தர வேண்டும் என்று பேச்சு எழுகிறது. தரத்தான் வேண்டும் என்கிறார் அண்ணன். யாரிடம் கேட்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு வேலியோர வரிசை. நீர்மருது, புங்கை, மறுபடி புங்கை, பூவரசு. கடைசியில் ஒரு கன்று, சீட்டு விழுந்துவிட்டது, இலையும் இல்லை. என்ன மரம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்கும் ஒரு குடம் என்று அக்கா எழுதிக்கொள்கிறார்.